சமையலறைக் குழாய்க்குக் காற்று அடித்த கதை

பஞ்சர் ஒட்டத் தெரிந்தவனுக்கு உலகத்தில் தெரியாத வேலை எதுவும் இல்லை என்று அறுபது வயது வரை நம்பியிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது (நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்). நெல்லித்தோப்பில் மர நிழலில் ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு கைப்பம்ப். அங்கே ஆரம்பித்தவன் இன்று முதலியார்பேட்டையில் சொந்தமாக டயர் கடை வைத்திருக்கிறேன். லாரி டயரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், எவ்வளவு காற்று இருக்கிறதென்று சொல்லிவிடுவேன். மீட்டர் வேறு மாதிரி காட்டினால் மீட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

அப்படிப்பட்ட நான் ஐந்து வருஷத்துக்கு முன், பொங்கல் கழித்து, கடைக்குப் பின்தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கினேன். நல்ல வீடு. சமையலறைதான் மோசம். அதைப் பழைய வீட்டுக்காரரே தன் கையால் கட்டியிருந்தார்.

"ஒரு கொத்தனாரு, ஒரு பிளம்பரு, ரெண்டு பேர கூப்டுங்க" என்றாள் என் மனைவி கஸ்தூரி.

"எதுக்கு? அவனுங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கவா?"

"அந்த ஆளும் அவரு பொண்டாட்டிகிட்ட இதையேதான் சொல்லியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டாள். மே மாதம் வரை அங்கேதான் சமையல்.

பழைய வீட்டுக்காரரை நான் பார்த்தது இரண்டே முறை. ஆனால் சமையலறையை உடைக்க உடைக்க அவர் எனக்கு நன்றாகப் பழகிவிட்டார். வெள்ளை டைல்ஸைப் பெயர்த்தால் உள்ளே பச்சை டைல்ஸ். பச்சையைப் பெயர்த்தால் ரோஸ். ரோஸுக்குப் பின்னால் சிமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலாய் மடித்த செய்தித்தாள். அலமாரியைக் கழற்றினால் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு குழாய், திறந்தால் தண்ணீரும் வருகிறது! ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதைப் போட்டுவிட்டு எங்கே எரிகிறது என்று மொட்டை மாடி வரை தேடியிருக்கிறேன். ஒரு வாரம் தேடினேன். "தெரு வெளக்கா இருக்கப் போவுது, அமத்தித் தொலைங்க" என்றாள் கஸ்தூரி.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆவல்தான் வந்தது. ஒரு மனிதன் எதற்காக அலமாரிக்குப் பின்னால் குழாய் வைப்பான்? கடையில் டயரைக் கழற்றும்போதும் எனக்கு இப்படித்தான். ஆணியைப் பிடுங்கி எறிய மாட்டேன், எந்த ஊர் ஆணி, எப்படிக் குத்தியது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் வேலையையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், பாதி நாள் அதிலேயே போனது.

கடைசியாக நின்றது சிங்க்கின் முன்னால். வந்த நாளிலிருந்தே அதில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. கீழே தோண்டினேன். வீட்டுக்கு முன்னால் தெருச் சாக்கடை இருக்கிறது. குழாய் அந்தப் பக்கமே போகவில்லை. இடது பக்கம் திரும்பி, சுவருக்கு அடியில் நுழைந்து மறைந்துவிட்டது. அப்படியானால் இத்தனை மாதம் நாங்கள் ஊற்றிய தண்ணீரெல்லாம் எங்கே போனது?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, எனக்கு வழி தெரிந்தது. டியூபில் ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? காற்றை அடைத்துத் தண்ணீரில் வைத்தால் அதுவே குமிழி விட்டுக் காட்டிக் கொடுக்கும். குழாயும் ஒரு நீளமான டியூப்தானே! கடையிலிருந்து சக்கரம் வைத்த சின்ன கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

"பைப்புக்கு எதுக்குங்க காத்து? அது எங்கியாவது கெளம்பப் போவுதா?"

"அடைப்பு போவும்டி. தண்ணி எங்க போவுதுன்னும் தெரிஞ்சிடும். ஒரே கல்லு."

தண்ணீர் வெளியே வரும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டுமே? ஜன்னலில் இருந்த சொட்டு நீலப் பாட்டிலை எடுத்து முழுவதையும் சிங்க்கில் கவிழ்த்தேன். காற்று திரும்பி வராமலிருக்க ஹோஸின் வாயைச் சுற்றிப் பழைய டியூபை இறுக்கிக் கட்டி ஓட்டைக்குள் செருகினேன். (நான் கட்டியதை இன்றைக்கும் யாராலும் குறை சொல்ல முடியாது.) ஸ்கூட்டர் டயருக்கு வைக்கும் காற்றை வைத்தேன். அசையவில்லை. காருக்கு வைப்பதை வைத்தேன். அதற்கும் அசையவில்லை. சரி என்று லாரிக்கு வைத்தேன்.

தரைக்குள் யாரோ தொண்டையைச் செருமியது போல் ஒரு சத்தம். பிறகு 'குபுக்' என்றது. அடைப்பு விட்டது! இரண்டு கையையும் தூக்கி, "பாத்தியா?" என்றேன்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து "ஐயோ மாதாவே!" என்று ஒரு அலறல்.

கஸ்தூரி காது கொடுத்துக் கேட்டாள். "தண்ணி எங்க போவுதுன்னு கேட்டீங்க இல்ல? பக்கத்து வூட்லேர்ந்து சொல்றாங்க."

ஓடினோம். பக்கத்து வீட்டில் இருப்பவள் சிசிலி, அவளுடைய மாமியார் பிலோமினா அம்மா, ஒன்பது வயது மகள் ஜோசபின். சிசிலியின் புருஷனுக்குக் காரைக்காலில் வேலை. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் தரையோடு ஒரு சல்லடை மூடி. அது இப்போது முருங்கை மரத்தின் கிளையில் மாட்டியிருந்தது. சுவர் நீலம், கல் நீலம், சிசிலியின் நெற்றி நீலம். கொடியில் அந்தத் துவாரத்துக்கு நேர் மேலே ஒரு சின்ன வெள்ளைக் கவுன் தொங்கியது. வெள்ளை என்பது அதற்கு முந்தின நிமிஷத்துக் கதை.

மறுநாள் காலை ஜோசபினுக்குப் புதுநன்மை. கோயிலில் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். கவுன் பிரான்சில் இருக்கும் அத்தை வாங்கி அனுப்பியது.

"மாமா, என்ன மாமா இது?" என்றாள் சிசிலி. அழுகையா கோபமா என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை வாசற்படியில் வந்து நின்று கவுனைப் பார்த்தது. அது அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாயே திறக்கவில்லை. இருபது லாரிக்காரன் சுற்றி நின்று திட்டினாலும் எனக்கு அப்படி இருக்காது.

"ஒண்ணும் கவலப்படாதம்மா, கடையில பெட்ரோல் இருக்குது, கிரீஸே போயிடும்..." என்று நான் கவுனைத் தொடப் போனேன். கஸ்தூரி என் கையைத் தட்டிவிட்டாள்.

இதற்குள் பிலோமினா அம்மா குனிந்து அந்தத் துவாரத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"பாயா" என்றார்.

"என்னம்மா?"

"ஆட்டுக்கால் பாயா. உங்க வூட்ல ஞாயித்துக்கிழம வெப்பீங்களா?"

"அவருக்கு அது இல்லாம ஆவாது" என்றாள் கஸ்தூரி.

பிலோமினா அம்மா மருமகளைப் பார்த்தார். "தவக்காலம் நாப்பது நாளும் கவுச்சி இல்லாம இருக்கோம், வூடு பூரா கறி வாசன. நீதான் எனக்குத் தெரியாம ஆக்கித் துன்றன்னு நெனச்சேன்டி. கோயில்ல சாமியார்கிட்ட கூட சொல்லிட்டேன்."

"சாமியார்கிட்டயா? அத்தே!"

"இது ரெண்டும் முன்ன ஒரே வூடு. அண்ணன் தம்பி சண்ட போட்டு நடுவுல செவுரு எழுப்பினானுங்க. சாக்கடைய எவனும் பிரிக்கல. உங்களுக்கு வித்த ஆளு மேல டைல்ஸ் போட்டு மூடிட்டான்."

என் இரண்டு நாள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கொடியில் அந்தக் கவுன் தொங்கும்போது எந்த முகத்தோடு சந்தோஷப்படுவது?

பெண்கள் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மூன்று முறை அலசினார்கள். அழுக்கு போனது, நீலப் புள்ளி போகவில்லை. "புதுசு வாங்கிடலாம், நான் போறேன்" என்றேன். "அத்த நாளைக்கி வீடியோவுல பாப்பாங்க மாமா. இந்த ரோபைத்தான் தேடுவாங்க" என்றாள் சிசிலி. அவர்கள் வீட்டில் கவுனுக்கு அந்தப் பேர்தான். கஸ்தூரி அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புள்ளி புள்ளியா இருந்தாத்தான் கறை. முழுசும் ஒண்ணா இருந்தா கலரு. முக்கிடலாமா?"

சிசிலி மகளைப் பார்த்தாள். ஜோசபின் முதல் முறையாக வாய் திறந்தது. "எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்தான்."

"சரி."

சொட்டு நீலம் வாங்க ஓடியது நான். அன்றைக்கு என்னை நம்பிக் கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வரிசையாக வெள்ளைக் கவுன்கள், நடுவில் ஒன்று மட்டும் வெயில் நேரத்து வானம் மாதிரி. மற்றப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. ஜோசபின் நேராகப் பார்த்து நடந்தது. வாசலில் சாமியார் நிறுத்தி, "என்ன, மாதாவோட நீலம், அவங்களுக்கு நேர்ச்சையா?" என்று கேட்டார். பிலோமினா அம்மா கண்ணைச் சிமிட்டாமல், "ஆமா சாமி" என்றார். கையில் ஜெபமாலை வேறு.

திங்கட்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டேன். (ஆமாம், கூப்பிட்டேன்.) தரையைத் திறந்தவர் நாலு இடத்தில் வாய் பிளந்திருந்த குழாயைக் காட்டி, "எந்த மடையன்யா இதுல காத்து அடிச்சது?" என்று கேட்டார்.

"பழைய வீட்டுக்காரர்" என்றேன்.

சாக்கடை தெருப்பக்கம் திரும்பியது, சமையலறையும் முடிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே பாயாவும் கேக்கும் இப்போது மேல்வழியாகப் போய் வருகின்றன. எனக்குத்தான் விடுதலை இல்லை. நான் ஒரு ஸ்குருடிரைவரைக் கையில் எடுத்தால் போதும், கஸ்தூரி சுவர் மேல் எட்டி, "சிசிலி, துணி காயப்போட்டிருந்தா எடுத்துடும்மா!" என்று குரல் கொடுப்பாள். அதைக் கேட்டு அந்தப்பக்கம் இரண்டு வீடு தள்ளியும் துணியை எடுக்கிறார்கள்.

போன வாரம் பல்பு மாற்ற ஏணியை எடுத்தேன். வெறும் பல்பு! மாடியில் ஜோசபின் நின்றது. இப்போது என் தோளைத் தாண்டி வளர்ந்த பெண். நிதானமாகக் கொடியிலிருந்த சீருடையை மடித்துத் தோளில் போட்டது, தலையணை உறையை எடுத்தது, கடைசிக் கைக்குட்டையையும் எடுத்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது:

"ம், இப்ப ஆரம்பிங்க தாத்தா."