எழும்பாத மாப்பிள்ளை

மரியாதையாக நடந்து கெட்ட பெயர் வாங்கியவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தால், அதன் தலைவர் பதவிக்கு எனக்குப் போட்டியே இராது.

நான் புத்தூரில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, அங்கேயே இராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போனவன். ஆப்கானிஸ்தானில் சண்டை நடந்த காலம். எங்களுக்கு முந்திய அணி போர்முனைக்குப் போய்விட்டது. நாங்களோ வெள்ளிக்கிழமை விருந்துகளில் (எங்கள் சமூக வாழ்க்கை இவ்வளவுதான்!) ஒரு கோழித்துண்டுக்கு மூன்று முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழகினோம். மேசையில் மூத்தவர் எழும்வரை ஒருவரும் எழக்கூடாது. ஒருநாள் அவசரம் தாங்காமல் எழுந்துவிட்டேன். தண்டனையாக ஒரு மாதம் வெள்ளிக் கரண்டிகளைத் துலக்கவிட்டார்கள்.

இதையெல்லாம் தொலைபேசியில் சுகந்தியிடம்தான் புலம்புவேன். புத்தூருக்குப் பக்கத்து ஊரான உடுவிலில் இருந்த பெண். கட்டினால் அவளைத்தான் என்றிருந்தேன். தடையாக நின்றவர் அவளுடைய பெரியப்பா. ஊரில் அவருடைய காணியை இராணுவம் பிடித்துவைத்து, கேட்டும் வருடக்கணக்காக விடவில்லையாம். "எந்த நாட்டு ஆமியெண்டாலும் ஆமி ஆமிதான். பொம்பிளை குடுக்கேலாது" என்றுவிட்டார். கடைசியில் மனமிரங்கி, உடுவிலில் அவர்கள் கட்டிய புதுவீட்டுக் குடிபூரலுக்கு என்னை வரச் சொன்னார். பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

முதல் பந்தியில் பெரியப்பாவுக்கு எதிரே எனக்கு இலை. சாப்பிட்டு முடித்தேன். பெரியவர் எழட்டும் என்று முதுகை நிமிர்த்திக் காத்திருந்தேன். அவரும் முடித்துவிட்டார். ஆனால் விருந்தாளி இருக்க வீட்டுக்காரர் எழுவது மரியாதையில்லை என்று அவர் காத்திருந்தார். (இது எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னார்களா?)

இலை மடியாததைக் கண்ட சுகந்தியின் சித்தப்பா பாயாச வாளியோடு வந்தார்.

"தம்பிக்குப் பாயாசம் பிடிச்சுப்போச்சுப் போலை. விடட்டோ?"

மறுத்தால் குறை நினைப்பார்களே என்று "ஓம்" என்றேன். எனக்குத் துணையாகப் பெரியப்பாவும் குடித்தார். அவருக்கோ சீனி வருத்தம் (நீரிழிவுதான்). நாலாம் முறையும் வாளி வந்தது. இரண்டாம் பந்திக்காரர்கள் எங்கள் கதிரைகளைப் பிடித்தபடி நின்றார்கள். "உவன் எழும்பமாட்டானோ?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

குசினி வாசலில் சுகந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லாம் தெரிந்தவள்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐந்தாம் முறை வாளியைக் கண்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

"பெரியப்பா, நீங்கள் எழும்பினால்தான் அவர் எழும்புவார். அவையின்ரை சட்டம் அப்பிடியாம்."

பெரியப்பா எழுந்தார். நான் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எழும்பச் சொல்லியும் எழும்பாத ஆமியைத்தான் எங்கடை காணியில கண்டனாங்கள். உவன் பரவாயில்லை. குடுக்கலாம்."

கல்யாணமாகிப் பல வருடமாகிவிட்டது. பெரியப்பாவுக்குச் சீனி கூடினால் இன்றும் பழி எனக்குத்தான். உடுவிலுக்குப் போனால், நான் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவர் எதிரிலிருந்து எழுந்து நிற்பார். வீடே என்னைப் பார்க்கும். பசியோடுதான் இருப்பேன், எரிச்சலும் வரும்.

ஆனாலும் கால் தானாக எழுந்துவிடுகிறது.