நான்காம் எண் கவுண்டரிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பூரண சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவது முறை, ஆகவே எழுதிவிட்டேன். தாள் கொஞ்சம் தடிமனாக இருக்கும், பின்பக்கம் ஏதோ அச்சடித்திருக்கும். கையில் வேறு தாள் இல்லை. அதைக் கண்டுகொள்ளாமல் இந்தப் பக்கத்தை மட்டும் படி.

போன வாரம் நீ சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மறக்கவில்லை. "கடைசி நாளுக்குள்ள மறுப்பு எழுதிக் குடு. குடுத்துட்டு எனக்குக் கடுதாசி போடு. போன்ல பேசினா நீ மழுப்புவே. குடுக்கலைன்னா எனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். ஆறு வயதில் டைபாய்டில் கிடந்த என்னை இரண்டு மாதம் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நீ. தம்பியே இல்லை என்று நீ சொல்லிவிட்டால் நான் வேறு என்னவாக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இன்று காலை பத்து மணிக்கே கடையைப் பூட்டிவிட்டுத் திருமணப் பதிவு அலுவலகத்துக்கு வந்து, நான்காம் எண் கவுண்டருக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று முப்பதாவது நாள். ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடுவார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது காரியம் நீ நினைத்தபடி முடிந்திருக்கும்.

இங்கே வழக்கம் என்னவென்றால், வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இரண்டு பேர் பதிவுத் திருமணம் செய்ய விண்ணப்பித்தால், அவர்கள் பெயரையும் படத்தையும் வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பது நாள் தொங்கவிடுவார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். முப்பதாம் நாள் மாலை வரை யாரும் கொடுக்காவிட்டால் கல்யாணம்தான். என் மகள் படமும் அந்தக் குழாய்க்காரன் படமும் ஒரு மாதமாக அங்கே பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. படத்தில் அவள் போட்டிருப்பது நான் செய்து கொடுத்த மூக்குக் கண்ணாடி. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே என்னை இப்படிப் பார்க்கிறாளே என்று தினமும் வயிறு எரிகிறது.

அவன் யார் என்று நீ கேட்டபோதெல்லாம் நான் மழுப்பினேன், ஒப்புக்கொள்கிறேன். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவன். கார் ஓட்டப் படிக்க நம் பெண் வேலை செய்யும் பயிற்சிப் பள்ளிக்கு வந்தான். பெண்பிள்ளை ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறாள் என்று நான்தானே கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன், அதற்கு வந்த வினை. ஓட்டுநர் தேர்வில் மூன்று தடவை தோற்றான். ஒவ்வொரு தடவை தோற்றதற்கும் இன்னும் இருபது வகுப்பு. நாலாவது தடவை தேறினான். அன்றைக்கே இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மூன்றாம் நாளே நான் மறுப்புப் படிவம் வாங்கிவிட்டேன் அக்கா, சும்மா இருக்கவில்லை. வாங்கிப் பார்த்தால் காரணத்துக்கு நாலே நாலு கட்டம். ஏற்கெனவே திருமணம் ஆனவர், வயது நிரம்பாதவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், நெருங்கிய இரத்த உறவு. மதம் என்று ஒரு கட்டம் எங்கேம்மா என்று கவுண்டரில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். "அதுக்காகத்தான் சார் இந்த ஆபீஸே இருக்கு" என்றார். சரி என்று மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்து, பையன் மூன்று தடவை தேர்வில் தோற்றதையும், வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் பயிற்சிப் பள்ளியின் பெயர்ப் பலகை மேலேயே ஏற்றியதையும், உடனே இறங்கித் தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பலகையைத் திரும்ப மாட்டியதையும் விவரமாக எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா தாளைக் கை நீட்டிப் பிடித்தார், இன்னும் தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கடைசியில் "சரி, வச்சிட்டுப் போங்க" என்று முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தொரு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், வாய் சும்மா இருக்குமா. "அம்மா, உங்களுக்கு வெள்ளெழுத்து. எத்தனை வருஷமா இப்படிப் படிக்கிறீங்க" என்று கேட்டுவிட்டேன். முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் லென்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து கவுண்டரிலேயே சோதித்து, அதற்கும் மறுநாள் கண்ணாடி செய்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு அவர் முதன்முதலாகப் படித்தது என்னுடைய படிவத்தைத்தான். "சார், இது மறுப்பு இல்லை, நற்சான்றிதழ். பலகையை இடிச்சவனே திருப்பி மாட்டியிருக்கான்" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது படிவத்தில் பையனுக்கு வயது நிரம்பவில்லை என்று எழுதினேன். இருபத்தொன்பது வயதில் என்ன நிரம்பவில்லை என்று கேட்டார். புத்தி என்றேன். அது மூன்றாவது கட்டம், அதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே என்றார். மூன்றாவது படிவத்தில் ஆத்திரத்தில், ஆதம் நபி வழியில் இருவரும் இரத்த உறவு என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு, "அப்படிப் பார்த்தா உங்க கல்யாணமும் போயிடும் சார்" என்றார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் நீ முதல் கட்டத்தைச் சொன்னாய். அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுது, விசாரித்து முடிக்கவே ஆறு மாதம் ஆகும், அதற்குள் பெண் மனசு மாறிவிடும் என்றாய். விசாரித்தேன், நீ சொன்னது சரிதான். முதல் கட்டத்தில் டிக் விழுந்தால் அன்றோடு எல்லாம் நின்றுவிடுமாம். இதோ, இன்று காலை வாங்கிய படிவம் மடியில் இருக்கிறது. படிவக் கட்டில் இதுதான் கடைசி, அடுத்த கட்டு அச்சகத்திலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மணி இப்போது ஒன்றரை. என் வீட்டுக்காரி என்னோடு பேச்சை நிறுத்திப் பதினைந்து நாள் ஆகிறது, அவள்தான் வீட்டில் எனக்கு எதிர்க்கட்சியா ஆளுங்கட்சியா என்றும் தெரியவில்லை. காலையில் கிளம்பும்போது செருப்பை எடுத்து வைத்துவிட்டு, எழுதிக் கொடுத்தாலும் வந்து சொல்லுங்கள், கொடுக்காவிட்டாலும் வந்து சொல்லுங்கள், நடுவில் நின்றுகொண்டு மட்டும் வராதீர்கள் என்றாள்.

அக்கா, உன்னிடம் மறைத்த இன்னொன்றும் இருக்கிறது. போன வாரத்துக்கு முந்தின வாரம் அந்தப் பையனைக் கடைக்கு வரச் சொன்னேன். மிரட்டத்தான். வந்தவனை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் கண் சோதிக்கும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன், உட்கார்ந்தவனுக்குக் கண்ணைச் சோதிக்காமல் எனக்குப் பேச்சு வரவில்லை. எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். அந்த வரி யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் எந்த ஆம்பிளையும் தெரியாது என்று சொன்னதில்லை, குத்துமதிப்பாக எதையாவது அடித்துவிடுவான். இவன் நிதானமாகப் பார்த்துவிட்டு, "தெரியலைங்க" என்றான். இன்னொரு தடவை பார் என்றேன். "எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாததைத் தெரியும்னு சொல்ல வராதுங்க" என்றான். எனக்கு வந்த கோபத்தில் பலகை விளக்கை அணைத்துவிட்டேன். ஒரு குறையாவது கிடைக்கும் என்று நம்பி உட்கார வைத்தவன் நான்.

மறுநாள் காலை பெண்ணிடமே நேரில் கேட்டுவிட்டேன். அவன் நம் மார்க்கத்துக்கு வந்துவிட்டால் உன் அத்தையையும் சமாதானப்படுத்தலாம், எனக்கும் நெஞ்சில் பாரம் இறங்கும், அவனைக் கேட்டாயா என்றேன். வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றவள் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவர் கலிமா சொல்லி மாறத் தயார்தான்ப்பா. நான்தான் வேண்டாம்னேன். மனசுல நம்பிக்கை வராம எனக்காக ஒருத்தர் கலிமா சொன்னா, அது அல்லாஹ்கிட்ட சொல்ற பொய். அந்தப் பொய்யை வீட்ல வச்சிக்கிட்டு நான் அஞ்சு வேளை எப்படித் தொழறது? நான் செய்யறது தப்புன்னா அந்தத் தப்பு என் பேர்ல இருக்கட்டும். பொய் மட்டும் வேண்டாம்ப்பா."

வண்டிச் சாவியை மறந்து போகிறாய் பார் என்று எடுத்துக் கொடுத்தேன்.

மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இதைச் சரி என்று சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். தொழுகையில் கையேந்தினால் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா ஏந்திக்கொண்டே இருக்கிறேன். ஆனால் ஒன்று. நான் சின்னப் பிள்ளையில் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை உடைத்துவிட்டு வேறொரு பையன் மேல் பழியைப் போட்டபோது, பொய்ச் சாட்சி எத்தனை பெரிய பாவம் என்று சொல்லி, காதைத் திருகி இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் என்னை நிறுத்தியவள் நீ. அந்தக் காது இன்றைக்கும் குளிரில் வலிக்கும். முதல் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காதுதான் சுடுகிறது. ஆனாலும் பயப்படாதே. நீ சொன்னால் நான் செய்வேன். உனக்கு மேல் எனக்கு யார் இருக்கிறார்கள்.

மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. கவுண்டரில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இதோ எழுந்து போகிறேன். மச்சானுக்கு என் சலாம். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள். அல்லாஹ் உன் காலுக்கும் எங்கள் எல்லோருக்கும் லேசாக்குவானாக.

உன் சொல் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: எழுந்தேன் அக்கா. எழுந்த பிறகுதான் கவனித்தேன், எழுதுவதற்கு இடமில்லாமல் தாளுக்கு மேல் தாளாக எடுத்ததில் மடியில் ஒன்றும் இல்லை. இப்போது நீ ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார். முதல் தாளின் பின்னால் சித்த சுவாதீனம் இருக்கும், அடுத்ததில் வயது, அதற்கடுத்ததில் ஆதம் நபி. இந்தக் கடைசித் தாள்தான் காலையில் வாங்கியது. முதல் கட்டத்தில் ஒரு புள்ளி இருக்கும், பேனாவை வைத்து எடுத்துவிட்டேன்.

கவுண்டர் அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "பின்பக்கம் எழுதினா செல்லாது சார்" என்றார். "தெரியும்மா" என்றேன். ஐந்து மணி ஆகியும் இரண்டு நிமிஷம் பொறுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உனக்கு எழுதலாம்தான். கடிகாரம் என் கண்ணுக்கு நேராகத்தான் மாட்டியிருந்தது. எனக்குத் தூரப் பார்வை நன்றாகவே இருக்கிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து. மூன்று சாட்சி வேண்டுமாம். மாப்பிள்ளை (கை தானாக எழுதிவிட்டது, அடிக்க மனமில்லை) பக்கம் ஒருவர், எங்கள் பக்கம் என் வீட்டுக்காரி. வீட்டுக்கு வந்து சொன்னதும், மூன்றாவது நீங்களா என்று பெண் கேட்டாள். நான் அப்பனாக நிற்கிறேன், சாட்சிக்கு உன் அத்தையைக் கேட்கிறேன் என்று சொல்லி அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். மறுப்புச் சொல்ல இனி நேரமில்லை அக்கா. வருவதற்கு நேரம் இருக்கிறது.