படுத்துக்கொண்டே போன மாப்பிள்ளை

சைக்கிளை உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும் என்ற சாதாரண விஷயத்தைப் புரிந்துகொள்ள, நான் ஒருமுறை செத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போது நான் மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கையில் ஸ்பேனர் இருந்தால் உலகத்தையே கழற்றி மாட்டிவிடலாம் என்ற நினைப்பு. (கழற்றியது அதிகம், மாட்டியது குறைவு.) கூட வேலை செய்த கோமளாவை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. மீதி இருந்தவர் அவள் அப்பா. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே இன்னும் அவரைக் கிராணியார் என்றுதான் கூப்பிடும். சாஸ்திரம், சுத்தம், நேரம் மூன்றிலும் பிடிவாதக்காரர்.

"பெரியவங்க வர்றது அப்புறம். மொதல்ல பையன நான் பாக்கணும். ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அப்பாவுக்கு, சொந்தமா எதாச்சும் செய்யத் தெரிஞ்சவங்கள ரொம்பப் புடிக்கும். ஆனா நீங்க ஒன்னும் செய்ய வேணாம்லா. சும்மா வாங்க, போதும்" என்றாள் கோமளா.

நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். எங்கோ ஒரு வெள்ளைக்காரர், சைக்கிளில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னால் நீட்டி மிதித்தபடி கார்களுக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தார். விடுவேனா? இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து ஒன்றாக வெல்டிங் செய்தேன். படுப்பதற்கு ஒரு சாய்வு நாற்காலியின் துணி. ஹேண்டில் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும். மிதிகட்டை முன்சக்கரத்துக்கும் முன்னால். நண்பன் குணா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். 

"டேய், இது சைக்கிளா, கட்டிலா?"

"காத்து எதிர்க்காது மச்சான். டிசைன் அப்படி."

"காத்து எதிர்க்காது, சரி. லோரி?"

ஆகவே அவன் தன் மோட்டார் சைக்கிளில் என் பின்னாலேயே பாதுகாப்புக்கு வருவது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வேட்டிக்குள் அரைக்கால் சிலுவார். தலையில் அரை டப்பா ஜெல். அந்த அலங்காரம் காற்றில் கலையாமல் இருக்க, ஒரு வெள்ளைத் துணியைத் தாடையிலிருந்து உச்சந்தலைவரை சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். வழியில் அம்மன் கோயிலில் நின்றோம். பூசாரி நெற்றி நிறையத் திருநீறு பூசி, அம்மன் கழுத்திலிருந்த மாலையை எடுத்து எனக்குப் போட்டார். "நல்ல காரியமா போற. முடியிற வரைக்கும் கழட்டாத" என்றார்.

தோட்டத்துக்குள் இறங்கும் மேட்டுக்கு வந்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டேன். காற்று அதை உடனே தூக்கியது. பெண் வீட்டுக்கு அப்படிப் போக முடியுமா? கிராணியாருக்கு வாங்கி வந்த பழக்கூடையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து வேட்டியோடு கட்டிக்கொண்டேன். இறக்கம்தானே, மிதிக்க வேண்டியதில்லை. பிரேக் கையில் இருக்கிறது. மல்லாந்து படுத்துக் கால்களை முன்கம்பியில் வைத்தேன். வெயில் நேராக முகத்தில் அடித்ததால் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டேன். குணா ஒரு தள்ளு தள்ளினான்.

(இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.)

சாலை குறுகல். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெதுவாக இறங்கினேன். எனக்குப் பின்னால் குணா, அவனை முந்த முடியாமல் இரண்டு கார், அதற்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி. கீழே மளிகைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். சவ ஊர்வலம் போகும்போது எங்கள் பக்கம் செய்கிற மரியாதை இது. நானே எத்தனையோ தடவை எழுந்து நின்றிருக்கிறேன். ஆனால் எனக்கே நடக்கும்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாப்பிள்ளை வருகிற செய்தி பரவிவிட்டது என்று பூரித்துப்போனேன்.

"எத்தன மணிக்கு தம்பி?" என்று கடைக்காரர் குணாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பதினோரு மணிக்குண்ணே. அதான் அவசரம்."

"பாவம், சின்ன வயசு."

கல்யாணத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கிராணியாரைப் பார்த்தேன். கோமளா படத்தில் காட்டியிருந்த அதே மீசை. எனக்குத் தேநீர் போடுவதற்காக வாங்கிய பால் டின்னும் பிஸ்கட்டும் கையில். தலையைக் குனிந்துகொண்டு நாலு எட்டு என் கூடவே நடந்து வந்தார். வருங்கால மாமனார் என்னை நடந்து அழைத்துப் போகிறார். பதிலுக்கு வணக்கம் சொல்லாமல் போனால் நான் மனுஷனா?

கண்ணை நன்றாகத் திறந்தேன். இரண்டு கைகளையும் எடுத்துக் கூப்பினேன்.

"வணக்கம் அங்கிள்."

தேநீர் குடித்தவர்கள் மேசையைத் தாண்டி ஓடினார்கள். ஷட்டரின் மீதிப் பாதியும் இறங்கியது, கடைக்காரரோடு. ஹேண்டிலைப் பிடிக்க ஆளில்லாத சைக்கிள் நேராகச் சாலையோர லொங்கானுக்குள் போனது. கால் கட்டியிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. மாலையோடு சாக்கடையில் கிடந்தேன். கிராணியார் மட்டும் ஓடவில்லை. (ஓடத்தான் பார்த்தாராம், கால் வரவில்லையாம்.) மெல்ல வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீ சாகலயா?"

"இல்லீங்க அங்கிள். கோமளா விஷயமா வந்தேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்னாக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார்.

வீட்டு வாசலில் நின்று, "கோமளா, தண்ணி கொண்டா. சாவு பாத்துட்டேன், குளிக்காம உள்ள வர முடியாது" என்றார்.

"நான்தான் சாகலயே அங்கிள்."

"அது தெரியிறதுக்கு முன்னாடியே நாலு எட்டு நடந்துட்டேனே. நீயும் குளி."

கோமளா வாளியோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மா வாங்கன்னு சொன்னேன்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையில் ஊற்றினாள். ஜெல் கரைந்து கண்ணில் இறங்கியது. கல்யாணமும் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது என்று நினைத்து அழுதேன். நல்லவேளை, நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு கிராணியாரின் கைலியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். குணா பிஸ்கட்டைத் தின்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் கிராணியார் தொண்டையைச் செருமினார்.

"இப்ப உள்ள பசங்க ஹெல்மெட்டக்கூட கழட்டாம பெரியவங்ககிட்ட பேசுறானுங்க. நீ செத்த பெறகும் கையெடுத்து வணக்கம் சொன்ன. இதுக்கு மேல மரியாத தெரிஞ்ச பையன நான் எங்க போயி தேடுறது? பெரியவங்கள கூட்டிட்டு வா. சைக்கிள் வேணாம், காடியில வா."

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. என் சைக்கிள் மாமனார் வீட்டுப் பின்கட்டில் பாகற்கொடிக்குப் பந்தலாக நிற்கிறது. நல்ல காய்ப்பு. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சோபாவில் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்துவிட முடியாது. என் மகள் ஓடிப்போய் ஜன்னல் திரையைப் பாதி மூடுகிறாள். கோமளா, "எத்தன மணிக்கு?" என்று அடுப்படியிலிருந்து கேட்கிறாள். நான் எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்லும்வரை, மாமனார் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் காத்துக்கொண்டிருப்பார்.