தானாக ஓடாத கப்பல்

ஒளியூர் என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபட இலாகா அரசரின் மைத்துனர் கையில் இருந்ததால், நாடு எங்கே இருக்கிறதென்று அந்நாட்டாருக்கே தெரியாது.

அவர்களுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு: விண்கப்பல் படம். பூமி வறண்டுபோக, ஒரு கூட்டம் கப்பலேறிப் புது நட்சத்திரம் தேடிப் போகிற கதை. தாத்தா காலத்தில் புறப்பட்ட கப்பல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஆண்டுக்கு ஒரு பாகம், தலைநகரத்துப் பெரிய கொட்டகையில். முடிவில் கப்பல் தலைவர் திரையிலிருந்து நேராகப் பார்த்து, "தொடரலாமா?" என்று கேட்பார். வேண்டும் என்பவர்கள் கை தூக்குவார்கள். பாதிப் பேராவது தூக்காவிட்டால் அடுத்த பாகத்தில் வேறு தலைவர். அதன்பின் அரசர் திரைக்கு முன்னால் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்பார். அவருக்கும் அதே சட்டம்தான்.

போன ஆண்டு அரசர் நெடுங்கோவுக்குக் கைகள் பாதியைத் தொட்டும் தொடாமலும் நின்றன. எண்ணிய அமைச்சர் ஞானப்பிழம்புக்கு வேர்த்துக் கொட்டியது. சோம்பல் முறித்த ஒருவர் கையையும் சேர்த்துத்தான் அரசர் தப்பித்தார்.

மறுவாரமே ஆணை வந்தது. வீட்டுக்கு ஒரு ஒளிப்பெட்டி, இலவசம்! இனிப் படம் பெட்டியில்தான். "கூட்டத்தில் மக்களின் முழங்கை இடிபடுகிறது. இதை அரசரின் உள்ளம் தாங்கவில்லை," என்றார் அமைச்சர். இலவசம் என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? கொட்டகை காற்று வாங்கியது.

அடுத்த ஆணைப்படி, அவரவர் விருப்பத்துக்கேற்ப அவரவர் வீட்டில் கதை மாறும். யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாதாம். அதற்கடுத்த ஆணை: பெட்டிக்குக் கைகளை எண்ணத் தெரியாதாகையால், பாகம் முடிந்து பத்து எண்ணுவதற்குள் பெட்டியை அணைக்காதவர்கள் சம்மதித்தவர்களே, அடுத்த பாகம் தானாக ஓடும். அரசரின் ஆட்சிக்கும் இவ்விதி பொருந்தும். இரண்டு மாதம் கழித்து, குழந்தைகளின் விரல் நசுங்குகிறது என்று சொல்லி, அணைக்கும் திருகைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டாகிவிட்டது. நீரைக் காப்பதற்காம். வீட்டுக்கு இரண்டு குடம். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தபடி திட்டினார்கள். பெட்டிக்குக் காது கிடையாது. ஆட்சிக்கு நூற்றுக்கு நூறு சம்மதம் என்று அறிவிப்பு வந்தது.

கொட்டகையில் படம் ஓட்டுபவள் வேம்பரசி. இந்த ஆண்டின் படச்சுருள், படம் எடுப்பவர்களிடமிருந்து வழக்கப்படி அவளிடம் வந்து, பிரிக்கப்படாமல் கிடந்தது. கொட்டகையைப் பழுதான பெட்டிகளுக்குக் கிடங்காக்கப் போகிறோம் என்று சொல்ல அமைச்சரே நேரில் வந்தார்.

"வழக்கமான நாள்ல ஒரே ஒரு காட்சி ஓட்டிட்டுச் சாவியைக் குடுத்துடறேங்க," என்றாள்.

"யாருக்கு அம்மா ஓட்டுவாய்? நாற்காலிகளுக்கா?"

"ஆமாங்க. நாற்காலிக்கு உங்களை விட வேற யாருங்க கவலைப்படுவா?"

அமைச்சருக்கு இது பாராட்டாகவே பட்டது. காலி நாற்காலிகளைக் கண்டால் அரசர் மகிழ்வாரே என்று நினைத்து, அனுமதியும் கொடுத்து, அவரையும் அழைத்துவிட்டார்.

வேம்பரசி தெருத்தெருவாகப் போனாள். படம் பார்க்க வாருங்கள் என்று அவள் யாரையும் கெஞ்சவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உங்க வீட்ல கப்பல் இப்ப எங்க இருக்கு?"

"நட்சத்திரத்துல எறங்கியாச்சே! வெள்ளரி போட்டிருக்காங்க," என்றார் டீக்கடை சடையாண்டி.

"எறங்கவாவது! நடு வழியில நிக்குது. தலைவருக்குக் கல்யாணம்," என்றாள் எதிர்க்கடை மரகதவல்லி.

"உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"உமக்குத்தான்யா புத்தி அவிஞ்சுபோச்சு!"

"எங்கிட்ட அசல் சுருள் இருக்கு. யார் சொல்றது சரின்னு வந்து பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வேம்பரசி அடுத்த தெருவுக்கு நடந்தாள். கால் வீங்கிவிட்டது. ஆனாலும் ஒரு தெருவைக்கூட விடவில்லை. எத்தனை ஆணை போட்டாலும், பக்கத்து வீட்டுக்காரனைத் தோற்கடிக்கும் ஆசையை எந்த அரசால் ஒழிக்க முடியும்? அந்த நாளில் கொட்டகை பிதுங்கியது. முன்வரிசையில் அரசரும் அமைச்சரும். அரசருக்குப் பின்னங்கழுத்து அரித்துக்கொண்டே இருந்தது.

படம் ஓடியது. வெள்ளரியும் இல்லை, கல்யாணமும் இல்லை. கப்பலின் தண்ணீர்த் தொட்டியைத் தலைவர் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பயணிகள் தனித்தனி அறைக்குள் இருந்து முனகினார்கள். "அடப்பாவி," என்றாள் மரகதவல்லி. "நம்ம கதையாச்சே இது," என்றார் சடையாண்டி. சண்டைக்கு வந்த இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் திரையிலிருந்து பார்த்துக் கேட்டார்: "தொடரலாமா?"

சுருள் நின்றது. ஒரு கைகூட எழவில்லை.

"கவலை வேண்டாம், பத்து எண்ணினால் தானாக ஓடும்," என்று அமைச்சர் அரசரின் காதில் சொல்லி, உரக்க எண்ணினார். பத்தும் வந்தது. எதுவும் ஓடவில்லை.

"ஏன் ஓடவில்லை?" என்று கத்தினார்.

"இங்க எதுவும் தானா ஓடாதுங்க," என்று மேலேயிருந்து வேம்பரசியின் குரல் வந்தது. "பாதிப் பேராவது கை தூக்கணும். அப்பத்தான் நான் ஓட்டுவேன்."

அமைச்சர் கை தூக்கினார். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, தலை சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்.

"கப்பலுக்கு வேற தலைவர்," என்று அறிவித்தாள் வேம்பரசி. "அடுத்து மன்னருங்க. வழக்கப்படி முன்னால வந்து கேளுங்க."

அரசர் வாசலைப் பார்த்தார். வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் வழிமறிக்கவில்லை, முறைக்கவில்லை. பதில் சொல்ல வந்தவர்களாக நின்றார்கள். அவர் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். விளக்கின் ஒளி முகத்தில் விழ, கண் கூசியது.

"தொடரலாமா?" என்று கேட்டார்.

மடியிலிருந்த கைகள் மடியிலேயே இருந்தன. அமைச்சர் எண்ணத் தொடங்கினார். பத்து வந்தது. அவர் நிறுத்தவில்லை, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தார்.