ரவைக்காரர் கண்ட அளவு

புதுக்கோட்டைச் சீமையில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர்களில், வருஷக்கணக்காகச் சுட்டும் ஒரு காடையைக்கூடச் சாகடிக்காதவர் எங்கள் ரவைக்காரர் ஒருவர்தான். ஒரே ஒரு நாள் தவிர, அவர் சுட்டதெல்லாம் வேட்டிகளை.

ஐம்பதுகளில் நான் அரிமளத்தில் தபாலாபீஸ் கிளார்க். அடுத்த வீடு அவருடையது. கடலை போடுகிற சம்சாரி. காட்டுப்பன்றிகள் கடலைக் கொல்லையைக் கிளறிப்போட்டதால், வீட்டில் கிடந்த பழைய நாட்டுத் துப்பாக்கியைத் தூசி தட்டி எடுத்தார். குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் தக்கையையும் ரவை என்கிற ஈயச் சிறுகுண்டுகளையும் திணிக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் தட்டிப் பொறி பறந்து, அது மருந்தைத் தொட்ட பிறகுதான் வெடிக்கும். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு ரவை என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் பன்றியைச் சுடமாட்டேன் என்றுவிட்டார்.

“அரைகொறையாப் பட்டா, அது எங்கிட்டாவது கெடந்து துடிக்கும்ல சார்?”

கண்மாய்க் கரையில் வேட்டியைக் கட்டிச் சுடுவார். சுட்டதும் போய் ஓட்டைகளைத் தடவித் தடவிப் பார்ப்பார். தன் வேட்டிகள் தீர்ந்ததும் என் கொடியில் கைவைத்தார். சாயங்காலம் ஒழுங்காக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

“பாத்தீங்களா சார், சுத்தியும் ஓட்டை. நடுவுல ஒண்ணுகூட இல்ல. மருந்து கூடிப்போச்சு.”

“நடுவாவது தப்பிச்சுச்சே” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “நாளைக்கிக் கொறச்சுப் பாக்குறேன். இன்னொண்ணு இருக்குங்களா?”

கடைசியில் பிடிபட்டது. மருந்தைக் குறைத்து ரவையைக் கூட்டினால் சீராக விழுந்தது. அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தார். “பன்னிகளுக்கும் குடுத்துட்டு வாங்க” என்றார் அவர் மனைவி.

கடலை பறிக்கும் சமயம், ஒரு விடிகாலை. பக்கத்துக் கொல்லைச் செல்லையாவை ஒரு பெரிய ஆண்பன்றி வரப்போரம் சாய்த்துவிட்டது. அலறல் கேட்டு நாங்கள் ஓடினோம். காவலுக்குப் போயிருந்த ரவைக்காரர் துப்பாக்கியை நீட்டியபடி தூரத்தில் நின்றார். சுடவில்லை.

“சுடுங்கண்ணே, சுடுங்க” என்று கத்தினார்கள்.

அவரோ பன்றியை நோக்கி நடந்தார். ஓடக்கூட இல்லை. அது செல்லையாவை விட்டுவிட்டு அவர் மேல் திரும்பிய பிறகுதான் விசையை இழுத்தார். பொறி பறந்து குழல் வெடிப்பதற்குள் அது அவர் தொடையைக் கிழித்துவிட்டது. வெடித்தபின் பன்றி எழவில்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

“அங்கேருந்தே சுட்டிருக்கலாமே?”

“அம்புட்டுத் தூரத்துல ரவை ரெண்டு முழம் விரியும் சார். செல்லையா அதுக்குள்ள கெடந்தான். கிட்டக்கப் போனா ஒரு கையகலந்தான்.” வலியில் கண்ணை மூடிக்கொண்டார். “அவன் கஞ்சி குடிக்கிறானா?”

குடிக்கிறான் என்றேன். பிழைத்துக்கொண்டான். இவர் அதற்குப் பிறகு காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

எனக்குப் பொன்னமராவதிக்கு மாற்றலானபோது பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் கிளம்பத் தாமதமானது. அங்கிருந்த திண்ணையில் உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, ஜன்னலோரமே நின்றார்.

“நீங்க கெளம்புங்க சார். அப்பறம் நான் உக்காந்துக்கிறேன்.”