இடது முன்சக்கரமும் மாமாவின் விமானமும்

பிறர் எழுதியதில் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு வியாதி வரும். எந்த வேலையைப் பற்றியும் நாலு பத்தி படித்துவிட்டால் போதும், அந்த வேலையே தனக்குத் தெரியும் என்று நம்பத் தொடங்கிவிடுவான். தஞ்சாவூர் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கும் எனக்கு அது முற்றிய நிலையில்தான், அக்காள் வீட்டுக்காரரின் காருக்கு நானே பிரேக் பேட் மாற்றினேன்.

மாமா வளைகுடாவில் வேலை பார்ப்பவர். அவர் கார் திருக்காட்டுப்பள்ளி வீட்டுக் கொட்டகையில் நிற்கும். விடுப்பு முடிந்து அவர் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது முன்சக்கரங்கள் கிறீச்சிட்டன.

"பூதலூர் மெக்கானிக்கிட்ட விட்டுடலாம் மாப்ள."

"எதுக்கு மாமா? சக்கரத்துக்கு ரெண்டு போல்ட்டு. நான் பாத்துக்கறேன்."

மூன்று வீடியோக்கள் பார்த்திருந்தேன். (மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். விஷயம் மீதிப் பாதியில் இருந்தது.)

பழைய பேடுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டியதில் குறை சொல்ல முடியாது. பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் தடையில்லாமல் நகர்வதற்கு, ரப்பர் உறைக்குள் இரண்டு பின்கள் உண்டு. அவற்றுக்குக் கிரீஸ் தடவ வேண்டும் என்பது வரை பார்த்திருந்தேன். எந்தக் கிரீஸ் என்று யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் கிரீஸ் என்றால் ஒன்றுதான்: டிராக்டருக்கும் அதுதான், மோட்டார் பம்புக்கும் அதுதான், துருப்பிடித்த கேட்டுக்கும் அதுதான். கொட்டகையில் ஒரு டப்பா இருந்தது. வலதுபக்கம் அளவாகத் தடவினேன். மீந்ததை எல்லாம் இடதுபக்கம் அப்பினேன்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஐந்து நாள் அந்தக் காரிலேயே அலுவலகம் போனேன். ஒரு தகவலையும் தவறவிடவில்லை; முடிவுகள் மட்டும்தான் தவறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக நின்றது. புது பேடின் பிடிமானம் என்று மகிழ்ந்தேன். பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தது. பங்க்காரரைச் சந்தேகப்பட்டேன். வண்டி இடதுபக்கமே இழுத்தது. சாலை சரியில்லை என்று முடிவுகட்டி, 'சீரற்ற சாலையால் வாகன ஓட்டிகள் அவதி' என்று ஒரு பெட்டிச் செய்தியும் எழுதினேன். (அவதிப்பட்ட வாகன ஓட்டி மொத்தம் ஒருவர்.) கருகல் வாடை வந்தது. யாரோ வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். வயலில் அப்போது வைக்கோலே இல்லை, உளுந்துதான்.

கிளம்புகிற நாள். பிற்பகல் இரண்டு மணிக்குத் திருச்சியில் விமானம். மறுநாள் வேலையில் சேராவிட்டால் மாமாவின் இடத்துக்கு வேறு ஆள் தயார். மேலாளர் போனில் இரண்டு முறை நினைவூட்டியிருந்தார்.

அக்காள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். காரை எடுத்தேன். மூன்று பழம் நசுங்கியது. இடது முன்சக்கரத்துப் பழத்தைச் சக்கரம் உருளாமல் மண்ணில் தள்ளிக்கொண்டே போனது.

"டேய், ஒண்ணு நசுங்கல."

"சின்னப் பழம்க்கா. ஏறு."

பூதலூர் தாண்டியதும் மாமா மெல்லச் சொன்னார்: "வண்டிய யாரோ பின்னாலேர்ந்து புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கே."

"ரோடு சரியில்ல மாமா. நானே பேப்பர்ல எழுதியிருக்கேன்."

பங்குனியில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதி உளுந்துக்குச் சொந்தம். காய்ந்த செடியைத் தார்மேல் பரப்பிவிட்டால் போகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும். அப்படிப் பரப்பியிருந்த இடத்தில் மெதுவாக ஊர்ந்தபோது, முறத்தோடு நின்றிருந்த ஒரு பெண் குறுக்கே வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"ஏங்க, நிறுத்துங்க. சக்கரத்துல பொகையுது."

இறங்கிப் பார்த்தேன். விளக்கமும் கொடுத்தேன். "உங்க செடி சிக்கிக்கிட்டிருக்குங்க. அதான்."

"காலையிலேர்ந்து நாப்பது வண்டி போயிருக்கு. ஒண்ணும் பொகையல. ஒங்க வண்டிக்கு மட்டும் எங்க செடி ஒத்துக்கலையாக்கும்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் சக்கரத்தில் சுற்றியிருந்த செடி தீப்பிடித்தது. மாமாவும் அக்காளும் இறங்கி ஓடினார்கள். அந்தப் பெண் ஓடவில்லை. செடியை முறத்தால் இழுத்துப்போட்டுக் குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தார். பிறகு, தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல, மிச்சத் தண்ணீரை ஒவ்வொரு சக்கரத்திலும் விரலால் தெளித்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். மூன்று சக்கரம் பேசாமல் இருந்தன. இடது முன்சக்கரம் 'சுர்ர்' என்றது.

"இதாங்க. பிரேக் புடிச்சிக்கிட்டு விடல. எங்க வீட்டுக்காரரு லோடு வண்டிதான் ஓட்டுறாரு, எனக்குத் தெரியும்."

ஐந்து நாள் ஆய்வில் எனக்குக் கிடைக்காதது அரைக் குடம் தண்ணீரில் அவருக்குக் கிடைத்துவிட்டது.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் மாப்ள, இப்ப ரோட்ட மாத்தணுமா, வண்டிய மாத்தணுமா?"

அந்தப் பெண் கணவருக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் உளுந்து மூட்டைகளோடு ஒரு குட்டியானை வந்தது. சிறிய லோடு வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பெட்டிகள் மூட்டைகளுக்கு நடுவில் ஏறின. மாமா வெள்ளைச் சட்டையோடு முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி, மடியில் ஒரு சிறு மூட்டையையும் வாங்கிக்கொண்டார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

வண்டி போனதும் அந்தப் பெண் என்னிடம் திரும்பினார். "அவரு வர்ற வரைக்கும் இதப் பொரட்டிப் போட ஆளு வேணும்."

இஸ்திரி போட்ட பேன்ட்டோடு நடுச்சாலையில் உளுந்து புரட்டினேன். அக்காள் புளியமர நிழலில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். "அந்த ஓரத்த விட்டுட்ட பாரு."

நான் கூப்பிட்டிருந்த பூதலூர் மெக்கானிக் வந்தார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார், அசையவில்லை. பிரேக் ஆயில் குழாயின் நிப்பிளைத் தளர்த்தி ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தார்; அப்போதும் அசையவில்லை. "ஆயில் பிரஷரால இல்ல" என்று காலிப்பரைக் கழற்றினார். பின்னைச் சுற்றியிருந்த ரப்பர், ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பியிருந்தது.

"என்ன கிரீஸ் சார் போட்டீங்க?"

"டிராக்டர் கிரீஸ்."

விரலால் கொஞ்சம் வழித்துப் பார்த்தார். "நல்ல கிரீஸ்தான். டிராக்டருக்கு."

அது பட்டால் இந்த ரப்பர் ஊதிவிடும், காலிப்பர் பின் நகராது, ஒரு தடவை பிடித்த பேட் விடாது என்று பிறகு விளக்கினார். அக்காள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பின்னால் பல கல்யாணங்களில் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

ஒன்றரை மணிக்குத்தான் மாமாவின் போன் வந்தது. "உள்ள விட்டுட்டாங்க. கடைசி ஆளு நான்தான்."

அக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"சட்டப் பையில ஒரு கை உளுந்து இருந்துச்சு மாப்ள. செக்கிங்ல என்னன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க மாமா?"

"மச்சினன் வழியனுப்பி வச்சான்னு சொன்னேன்."

அதன்பிறகு மாமா இரண்டு விடுப்பு வந்து போய்விட்டார். அவர் கிளம்பும் நாள் அக்காள் பிள்ளைகளுக்குத் தெரியும், பூதலூர் மெக்கானிக்குக்குத் தெரியும், குட்டியானைக்காரருக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வைத்துவிடுகிறார்கள். எனக்கு மட்டும், அவர் அங்கே போய் இறங்கிய மறுநாள், அக்காளிடமிருந்து போனில் ஒரு செய்தி வரும்: "மாமா நல்லபடியா போய்ச் சேந்துட்டாரு. நீ கொண்டாந்து விடுறேன்னு கெளம்பிடுவியேன்னுதான் சொல்லல."