கூட்டல் குறி

ஜாபர் வாங்கி வந்த பழைய கணினிப் புத்தகத்தின் அறுபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். உள்ளே இருந்த கூட்டல் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் அழகாகக் கழித்தல் குறி போட்டிருந்தது.

"அஜீசா, இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"தப்பா இருந்துச்சு, திருத்தினேன்." கணக்கு டீச்சரான அவன் மனைவி விடைத்தாள்களிலிருந்து தலை நிமிரவில்லை. "கூட்டல் வெச்சா அந்த புரோகிராம் நிக்கவே நிக்காதுங்க. ஓடிகினே இருக்கும்."

"அந்தத் தப்பு இருந்தாத்தான் அது முதல் பதிப்பு. ரெண்டாவதுல திருத்திட்டாங்க."

"நானும் அதத்தான செஞ்சேன்?"

ஜாபர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பழைய கணினிப் புத்தகங்களைச் சேர்ப்பவர்களின் சங்கத்தில் சேர, ஒரு முதல் பதிப்பாவது கையில் இருக்க வேண்டும். இதுவரை அவன் கொண்டுபோனதெல்லாம் பிந்தைய பதிப்புகள். ஒவ்வொரு முறையும் அசடு வழியத் திரும்பியிருக்கிறான். இன்று தலைவர் அன்பரசனே புத்தகத்தைப் பார்க்க அவன் ராயபுரம் வீட்டுக்கு வருகிறார்.

அவன் முகத்தைப் பார்த்த அஜீசா ரப்பரோடு வந்தாள். தேய்த்தாள். சிவப்பு அடுத்த வரிக்கும் பரவியது.

"இப்ப பக்கமே ஃபெயிலான மாதிரி கீது," என்றான் ஜாபர்.

"இருங்க. பேனா மை ஸ்பிரிட்ல கரையும். அச்சு மை கரையாது."

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றினாள். சிவப்பு போயிற்று. கூடவே கூட்டல் குறியின் நின்ற கோடும் போயிற்று. படுத்த கோடு மட்டும் மிஞ்சியது.

"கரையாதுன்ன?"

"கரையக் கூடாதே," என்றாள் அஜீசா, பஞ்சைப் பார்த்தபடி.

ஜாபர் கறுப்புப் பேனாவைத் திறந்தான். "தப்ப நானே போட்டுடறேன்."

பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்த்தாலே வெளியே நிறுத்துகிற அஜீசா, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேரா போடுங்க."

பேனா காகிதத்தைத் தொட்டபோது காலிங் பெல் அடித்தது. அவன் வாசலைத் திரும்பிப் பார்க்க, கோடு சாய்ந்துவிட்டது.

அன்பரசன் தனியாக வரவில்லை. ஜாபருக்குப் புத்தகத்தை விற்ற பழைய புத்தகக் கடை ரோசியையும் அழைத்து வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். அஜீசா ஜாபரின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டல்தான். சந்தேகமே இல்ல, முதல் பதிப்பு. சங்கத்துக்கு வாங்க ஜாபர்."

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ரோசி முகம் சுளித்தாள்.

"இன்னா சார் இது, நான் போட்டப்போ கோடு நேரா இருந்துச்சே."